பெரட்டுக்கு முன்னால் நடந்து பார்த்த தெருக்கள்

சாலை வேலைக்குத் தேர்ந்தெடுத்த தெருக்களின் பட்டியலைக் கோயில் மண்டபத்துச் சுவரில் ஒட்டிய அன்று இரவு பத்தரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. "சார், நான் உங்ககிட்ட படிச்ச பையன்தான். ஒன்னே ஒன்னு கேக்கணும். எங்க தெருவுல இருக்கறவங்க மனுசங்க இல்லையா?"

குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவனுக்கு அதற்கு உடனே பதில் வரவில்லை. "சனிக்கிழமை காலையில வீட்டுக்கு வா, பேசுவோம்" என்று வைத்துவிட்டேன். அன்றிரவு தூக்கமும் வரவில்லை. அந்தப் பட்டியலுக்காக நாங்கள் அலைந்த மூன்று மாதத்தை அவனுக்கு எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் சிறு பட்டணம். ஒரே ஒரு கடைத்தெரு, ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு சீனப்பள்ளி, தொழுகைக்கு ஒரு சூராவ், மாரியம்மன் கோயில், வெள்ளிக்கிழமை பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை. 2023ஆம் ஆண்டின் கடைசியில் ஏழைக் குடியிருப்புகளின் சிறு சாலை வேலைகளுக்கென்று 180,000 வெள்ளி (ரிங்கிட்) மானியம் வந்தது. எந்தத் தெருவுக்குச் செய்வது என்று உள்ளூர்க் குழு ஒன்று தேர்ந்தெடுத்துத் தர வேண்டும். கோயில் செயலாளர், பெற்றோர் ஆசிரியர் சங்கத்து அக்கா ஒருவர், மளிகைக்கடைச் சீன அங்கிள், பொதுப்பணித் துறையான ஜே.கே.ஆரில் சாலை மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற மலாய்க்காரர் ஒருவர், நான் என ஐந்து பேர். ஓய்வு பெற்றவரை எல்லாரும் பாக்சிக், அதாவது மாமா, என்றே கூப்பிடுவோம். ஏழு தெருக்களுக்கு வேலை தேவைப்பட்டது. ஏழுக்கும் செய்ய இதைப்போல மூன்று மடங்கு பணம் வேண்டும்.

முதல் கூட்டத்தில் வந்த மனுக்களை எண்ணினோம். எங்கள் முதல் தவறு அதுதான். கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் தாமான் என்கிற வீடமைப்புக் குடியிருப்பிலிருந்து அழகாகத் தட்டச்சு செய்த மனு, நாற்பது கையெழுத்து, குழிகளின் வண்ணப் படங்கள். தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயத்திலிருந்து ஒன்றுமே வரவில்லை. அங்கே குழி இல்லையா என்றால், அங்கே சாலையே பாதிதான் இருக்கிறது. மனுவை மலாய் மொழியில் எழுத வேண்டும், அடையாள அட்டை எண் போட வேண்டும், வேலை நாளில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். செம்பனைக் குலை வெட்டப் போகிறவருக்கு அரைநாள் போனால் அரைநாள் சம்பளம் போச்சு. நிறைய மனு வந்த தெருவில் நேரமும் எழுத்தும் உள்ளவர்கள் இருக்கிறார்கள் என்பது மட்டும்தான் அந்த எண்ணிக்கையில் தெரிந்தது.

"கால்ல நடந்து பாக்காம எப்படி சார் சொல்றது?" என்றார் அக்கா. அப்படித்தான் விடியற்காலை நடை தொடங்கியது.

காலை ஐந்தரைக்கு, பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகிறவர்கள் கிளம்பும் நேரத்தில், ஒவ்வொரு தெருமுனையிலும் ஒரு மணி நேரம் நின்றோம். மத்தியானம் பள்ளி விடும் நேரத்தில் மறுபடியும். யார் நடக்கிறார், யார் மோட்டாரில், யார் காரில் என்று கோடு போட்டோம். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும், வேறு கருவி வேண்டாம். தாமான் சாலையில் கார்கள்தான் அதிகம். குழியைப் பார்த்ததும் வளைத்து ஓட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். லயத்திலிருந்தும் அதையடுத்த கம்பம் என்கிற கிராமத்துக் குடியிருப்பிலிருந்தும் பெரிய சாலைக்கு வரும் ஒற்றையடிப் பாதை மாதிரியான துண்டில், பிள்ளைகள் சிலிப்பரோடு நடந்து வந்தார்கள். காலணி பிளாஸ்டிக் பையில். பள்ளி வாசல் குழாயில் காலைக் கழுவிக்கொண்டு மாட்டிக்கொள்வார்களாம். அந்தப் பள்ளியில் முப்பது வருடம் இருந்தவன் நான். மழைநாளில் அந்தக் குழாயடியில் ஏன் அவ்வளவு கூட்டம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. 2021 முதல் பள்ளிகளில் வெள்ளைக்குப் பதிலாகக் கறுப்புக் காலணி கட்டாயமானபோது, சேறு பட்டாலும் தெரியாது என்று அம்மாமார் பலர் நிம்மதிப்பட்டார்கள். சேறு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்தத் துண்டு எந்தத் தெருவுடைய மனுவிலும் இல்லை, ஏனென்றால் அதில் யார் வீடும் இல்லை. அந்த நோட்டுப் புத்தகம் இல்லாவிட்டால் எங்கள் ஐவர் கண்ணிலும் அது பட்டிருக்காது.

அடுத்தது நிலம். விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே கேட்டிருந்தார்கள்: சாலை யாருடைய நிலத்தில் இருக்கிறது? இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தோம். தயவுசெய்து யாரும் அப்படி நினைக்காதீர்கள். இந்த மானியப் பணத்தைத் தனியார் நிலத்தில் போட முடியாது. அரசியலமைப்பின் 109ஆவது பிரிவின்படி மத்திய அரசு மாநிலங்களுக்குச் சாலை மானியம் தருகிறது. மாரிஸ் என்கிற சாலைப் பதிவு முறையில் ஏறிய சாலைக்குத்தான் அந்தப் பராமரிப்புப் பணம் வரும். தோட்டத்துக்குள் இருக்கும் சாலை கம்பெனியுடையது, அதில் ஏறாது. நில அலுவலகத்திலும் உள்ளாட்சி மன்றத்திலும் மாறி மாறி உட்கார்ந்து ஏழு தெருவையும் வரைபடத்தில் பார்த்தோம். இரண்டு அப்படியே விழுந்தன. அதில் ஒன்று லயத்துச் சாலை. ஏழில் ஏழ்மை மிகுந்த தெரு அதுதான்.

இன்னொன்று பாதி விழுந்தது. 25,000 வெள்ளி வீடுகள் என்று எல்லாருக்கும் தெரியுமே, 1982இல் மலிவு வீட்டுக்கு வைத்த அந்த விலையில் கட்டிய வரிசை. தோட்டம் விற்றபோது வெளியே வந்தவர்கள் பலர் அங்கே இருக்கிறார்கள். கட்டியவர் சாலையை முழுதாக மன்றத்திடம் ஒப்படைக்காமலேயே போய்விட்டார். முன்பாதி பொதுச்சாலை, பின்பாதிக்கு இன்னும் சொந்தக்காரர் அந்தப் பழைய கம்பெனி.

நிலம் யார் பெயரில் என்ற கேள்வி இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில்தான், இந்த வட்டாரத்துக்காரரும் அன்றைய அமைச்சருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் பணத்திலேயே தோட்டம் வாங்கினார். லயத்தில் இருக்கும் ஒரு தாத்தா தம் அப்பாவின் பங்குப் பத்திரத்தை இன்னும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். அவரிடம் போய், "ஐயா, உங்க வீட்டு முன்னாடி ரோடு உங்களுதும் இல்ல, அரசாங்கத்துதும் இல்ல, அதனால செய்ய முடியாது" என்று சொன்னது நான்தான். "அப்ப இது யாருக்கு சார் ரோடு?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டார்.

லயத்துக்கு வேறு வழி பார்த்தோம். தோட்ட வீடுகளின் அடிப்படை வசதிகளுக்கு முதலாளியே பொறுப்பு என்கிறது தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் சட்டம், 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம். அதைக் குறிப்பிட்டு நிர்வாகிக்குக் கடிதம் எழுதினோம். ஒரு லோரி கிராவல் வந்து கொட்டினார்கள், அவ்வளவுதான். ஆனால் வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தபோது பாக்சிக்கின் விரல் ஓரிடத்தில் நின்றது. லயத்துக்காரர்கள் தோட்ட எல்லையைத் தாண்டியதும் பெரிய சாலைக்குப் போக நடக்கிறார்களே, பிள்ளைகள் சிலிப்பரோடு வந்த அந்தத் துண்டு, அது சாலை ஒதுக்கீட்டு நிலம். அரசாங்க நிலம்! லயத்தின் வாசலைத் தொட முடியாவிட்டாலும் லயத்தின் காலடியைத் தொடலாம்.

அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்திய அரசு நகரங்களுக்குத் தரும் சமூக மேம்பாட்டு மானியத்தைப் பற்றி முன்பு படித்திருந்தேன். தெரு வேலை போன்ற ஒரு பணியை எடுத்தால், அதனால் பயன்பெறும் பகுதியில் குறைந்தது 51 விழுக்காட்டினர் குறைந்த அல்லது மிதமான வருமானக்காரர்களாக இருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கமான சோதனை. எனக்குப் பிடித்தது அந்தக் கணக்கு அல்ல, அதற்கு முந்தைய கேள்வி. இந்தச் சாலையால் பயன்பெறும் பகுதி எது? ஊரையே கடக்கும் பெரிய சாலை ஏழைத் தெரு வழியாகப் போகிறது என்பதற்காக அது ஏழைகளின் சாலை ஆகிவிடாது. அதேபோல யார் வீடும் இல்லாத ஒரு துண்டு முழுக்க முழுக்க ஏழைகளுடையதாக இருக்கலாம்.

ஏழை யார் என்று எண்ணுவதில் இன்னொரு முடிச்சு. படிவம் பி40 என்றது, அதாவது வருமானத்தில் கீழ்மட்ட நாற்பது விழுக்காட்டுக் குடும்பங்கள். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டளவில் மாதக் குடும்ப வருமானம் 5,250 வெள்ளிக்குக் கீழே இருந்தால் பி40. அப்போது குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளி. கணவனும் மனைவியும் வேலை செய்தால்கூட 3,000. எங்கள் ஏழு தெருவும் அந்தக் கோட்டுக்குக் கீழே சுகமாக அடங்கிவிடுகின்றன. எல்லாரையும் உள்ளே விடும் கதவை வைத்துக்கொண்டு யாரைத் தேர்ந்தெடுப்பது?

சரி, இ-காசே என்கிற அரசாங்க ஏழைக் குடும்பப் பட்டியலில் எத்தனை குடும்பம் என்று பார்ப்போம் என்றார் செயலாளர். பார்த்தால் கம்பத்துத் தெருவில்தான் மிகக் குறைவு. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அக்காதான் வீடு வீடாகப் போய்க் காரணத்தைக் கொண்டுவந்தார். அங்கே பல வீடுகளில் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளின் சிவப்பு ஐ.சி. அட்டை, சில வீடுகளில் பிறப்புப் பத்திரமே சரியில்லை. பட்டியலில் பதியக் குடிமக்களின் நீல அட்டை வேண்டும். ஆக, அவ்வளவு கஷ்டப்படும் தெரு தாளில் மிகவும் வசதியான தெருவாக நின்றது. அதன் பிறகு பட்டியலை மட்டும் நம்புவதை விட்டோம். வாடகை வீடு எத்தனை, மோட்டார்கூட இல்லாத வீடு எத்தனை, நடக்க முடியாதவர்கள், டயாலிசிஸ் போகிறவர்கள் எத்தனை பேர் என்று நாங்களே எண்ணினோம். டயாலிசிஸ் வேன் எந்தத் தெருவுக்குள் வர மறுக்கிறது என்று ஓட்டுநரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். வருமானக் கணக்கெடுப்பைவிட எனக்கு அந்த ஓட்டுநர் பேச்சில் அதிக நம்பிக்கை. (படிவத்தில் அவரை எங்கே எழுதுவது என்றுதான் தெரியவில்லை. "பிற தகவல்" என்ற கட்டத்தில் எழுதினோம்.)

பாக்சிக் இல்லாமல் இருந்திருந்தால் பணம் முழுவதையும் தாரில் கொட்டியிருப்போம். அவர் ஒவ்வொரு தெருவிலும் ஒரு மினரல் பாட்டில் தண்ணீரைச் சாலை நடுவில் ஊற்றிவிட்டுச் சும்மா நிற்பார். தண்ணீர் ஓரத்துக்கு ஓடினால் தலையாட்டுவார். நின்ற இடத்திலேயே நின்றால், "இனி லோங்காங் டுலு" என்பார், முதலில் கால்வாய் என்று. தாருக்கு எதிரி லோரி என்று நாம் நினைக்கிறோம், அதைவிடப் பெரிய எதிரி தண்ணீர். விரிசலில் இறங்கி அடியிலுள்ள கல்லையும் மண்ணையும் ஊறவைத்துவிட்டால், மேலே சக்கரம் ஏறும்போதெல்லாம் அடிமண் பிதுங்கி வெளியே வரும். ஒரு மழைக்காலத்தில் குழி. அக்டோபர், நவம்பர் மழை எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று சொல்லவே வேண்டாம். கால்வாய் இல்லாத தெருவுக்குப் பிரிமிக்ஸ் தார் போடுவது கிழிந்த குடைக்குப் புதுக் கைப்பிடி போடுவது மாதிரி.

லோரியும் சும்மா விடுவதில்லை. 1958இலிருந்து 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் வண்டிகளை ஓட்டி ஓட்டிச் சாலையைச் சோதித்திருக்கிறார்கள். அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்குச் சேதம் கிட்டத்தட்டப் பதினாறு மடங்கு என்ற கணக்கு அந்தச் சோதனையிலிருந்து வந்ததாம். பாக்சிக் பயிற்சிக் காலத்தில் படித்தது, இன்னும் மறக்கவில்லை. ஏழில் ஒரு தெரு வழியாகக் குலை ஏற்றிய லோரிகள் ஆலைக்குக் குறுக்குவழி போகின்றன. அந்தத் தெருவுக்குத் தார் போட்டால் பயன் முதலில் லோரிகளுக்குத்தான், அதுவும் இரண்டு வருடத்துக்கு. அங்கே இருப்பவர்கள் ஏழைகள்தான், அவர்கள் கேட்டதும் நியாயம்தான், ஆனாலும் விட்டுவிட்டோம். முதலில் லோரியை வேறு வழி திருப்ப வேண்டும், அதற்கு மானியம் தேவையில்லை, மன்றத்தின் உத்தரவு போதும் என்று தனியாக எழுதிக் கொடுத்தோம்.

கூட்டங்களில் பெண்கள் வந்தார்கள், பேசவில்லை. பினாங்கில் 2012 முதல் வரவுசெலவுத் திட்டத்துக்குப் பெண்களின் கருத்தைத் தனியாகக் கேட்கும் முறை தொடங்கியதாக அக்கா சொன்னார். சரி என்று ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அவரே கூட்டம் போட்டார். கணவன்மார் எல்லாரும் தார் கேட்டிருந்தார்கள். மனைவிமாரில் தார் கேட்டவர் ஒருவர்கூட இல்லையாம். இரவு ஷிப்ட் முடித்துப் பேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கும் இடத்தில் விளக்கு, திறந்து கிடக்கும் லோங்காங் மேல் சிமெண்டுப் பலகை. இரண்டே இரண்டுதான். ஒரு பாட்டி போன வருடம் அதில் விழுந்து இடுப்பு முறிந்து கிடக்கிறார். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று அக்கா கேட்டார். "யாரு கேட்டா?" என்றார்களாம்.

விளக்கு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. விளக்குக் கம்பம் நடுவதற்கு மானியத்தில் பணம் உண்டு, மாதாமாதம் மின்கட்டணம் கட்ட இல்லை. யார் கட்டுவார் என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே நடுங்கள். சூரிய விளக்கு வைத்தால் கட்டணம் இல்லைதான், ஆனால் மின்கலம் சில வருடத்தில் போகும், மாற்றுவது யார் என்று அதற்கும் எழுத்து வேண்டும். நாங்கள் இரண்டு விளக்குக் கம்பத்துக்கு மன்றத்தின் கடிதம் வாங்கினோம். மூன்றாவதுக்குக் கிடைக்கவில்லை, நடவில்லை.

கடைசியில் மூன்றைத் தேர்ந்தெடுத்தோம். பெரிய சாலைக்கு வரும் அந்தத் துண்டுக்கு நடைபாதையும் கால்வாயும். கம்பத்துத் தெருவுக்குக் கால்வாய், பலகை, இரண்டு விளக்கு. மலிவு வீட்டு வரிசையில் பொதுச்சாலையாக உள்ள முன்பாதிக்கு மட்டும் கால்வாயைச் சரிசெய்து தார். பத்து விழுக்காட்டைத் தொடாமல் வைத்தோம். சீன அங்கிள் மட்டும் பிடிவாதமாகச் சொன்னது அது. கடைக்காரருக்குத் தெரியும், எந்த விலைக்குறிப்பும் கடைசி விலை இல்லை என்று.

அந்தப் பத்து விழுக்காடு எங்கள் தவறுக்கே செலவானது. பலகைகளுக்குத் தூக்குவதற்கு ஓட்டை வைக்கச் சொல்ல மறந்துவிட்டோம். முதல் பெருமழையில் இலையும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொண்டன. பலகையைத் தூக்க வழியில்லை, நாலு பேர் கடப்பாரையோடு நின்றார்கள். கம்பத்து வாசலில் முழங்கால் தண்ணீர். பாட்டி வீட்டுக்குள்ளும் வந்தது. குத்தகையாளரைத் திட்ட முடியாது, நாங்கள் கையெழுத்துப் போட்ட வரைபடத்தில் ஓட்டை இல்லை. மூன்று பலகைக்கு ஒன்றை எடுத்துவிட்டு இரும்புக் கம்பி வலை போட்டோம். உங்கள் ஊரில் பலகை போடுவதாக இருந்தால் ஓட்டையை முதல் நாளே கேளுங்கள், வலையையும் சேர்த்தே கேளுங்கள்.

மலிவு வீட்டுப் பின்பாதிக்காரர்கள் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. தார் அவர்கள் வீட்டுக்குப் பத்தடி முன்னால் கத்தியால் வெட்டினாற்போல நிற்கிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டு போகிறவருக்கு ஒப்படைப்பு, ஒதுக்கீட்டு நிலம் என்றெல்லாம் நான் விளக்கினால் எப்படி இருக்கும்? அவர்கள் இடத்தில் நானும் பேசமாட்டேன்.

பட்டியல் ஒட்டிய அந்த வாரம் சனிக்கிழமை, ஐந்தே காலுக்கே வந்துவிட்டான் அந்தப் பையன். பையன் என்கிறேன், அவனுக்கு நாற்பது வயது, ஈப்போவில் வேலை. எட்டு மணிக்கு வருவான் என்று நினைத்திருந்தேன். தேநீர் போடக்கூட விடவில்லை. "வாங்க சார், எங்க தெருவ இப்பவே பாருங்க" என்று கூட்டிப்போனான். அவன் தெரு அந்தத் தாமான், நாற்பது கையெழுத்து மனு. தெருமுனையில் நின்றோம். ஒரு மணி நேரத்தில் பதினெட்டுக் கார், ஆறு மோட்டார். நடந்து போனவர் ஒரே ஒருவர், வீட்டு வேலைக்கு வரும் இந்தோனேசியப் பெண். அவனே எண்ணிக் கைப்பேசியில் குறித்துக்கொண்டான். ஒன்றும் பேசவில்லை. திரும்பும் வழியில் என்னையே அந்தத் துண்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு வந்தான். வேலை இன்னும் தொடங்காத நேரம், சேறு கணுக்கால் வரை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது சரி சார். ஒத்துக்கறேன். ஆனா எங்க தெரு முக்குல, அந்தப் பெரிய லோங்காங் ஒடஞ்சு கெடக்குல்ல, அதால பின்னாடி கம்பத்து வீட்டுக்கெல்லாம்தான் தண்ணி போவுது. அது உங்க பட்டியல்ல வரல." சற்று நிறுத்தினான். "அந்த எடம் யாரோடது சார்?"

நில அலுவலகம் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் திறக்கும் என்றேன்.